குடியாத்தத்துக்கு அனுப்ப இருந்தார்கள் உன் மகளை

என் பிரியமான ஜெசிந்தா,

முதலில் இதைக் கேள். அன்சி பத்திரமாக இருக்கிறாள். ஆனால் இன்னும் நம் கோரமண்டலுக்குத் திரும்பவில்லை.

உன் அடக்கம் முடிந்த அன்றிலிருந்து என் வீட்டில்தான் இருந்தாள். நான் எந்த ஆபீசுக்கும் போய்ச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை நம்மிடம் சாப்பிட்டுத் தூங்குவதற்கு உத்தரவு வாங்க வேண்டுமென்று யாருக்குத் தோன்றும்?

போன வாரம் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவள் பெங்களூர் ரயிலில் ஏறிவிட்டாள், உங்களை விட்டுப் போன அப்பாவைத் தேடி. ஸ்டேஷனில் தனியாக நின்றவளைக் குழந்தைகள் உதவி மையத்தார் கூட்டிப்போய் ஹோமில் சேர்த்திருக்கிறார்கள். வீடு எங்கே என்றதற்கு, நான் திட்டுவேனென்று வாயே திறக்கவில்லை. நேட்டிவ் எது என்றதும், நீ சொல்லிக்கொடுத்தபடியே குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தைச் சொல்லிவிட்டாள். இந்தக் கோலார் தங்கச் சுரங்க வேலைக்கு வந்து நாலு தலைமுறை ஆகியும், கொள்ளுத்தாத்தா விட்டுவந்த ஊரைத்தானே நாமெல்லாம் சொல்கிறோம்!

அரசாங்கங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை என்று கல்லூரியில் பாடம் நடத்துகிறவள் நான். இந்த முறை பேசிவிட்டன. தமிழ்நாட்டு ஹோமுக்கு அவளை அனுப்ப நாளும் குறித்தாயிற்று. அவளைக் காணவில்லையென்று நான் போலீசில் கொடுத்த புகார் பெங்களூர் ஹோமை எட்டியபோது ஒரே ஒரு நாள்தான் பாக்கி.

குழந்தைகள் நலக் குழுவின் முன் நின்றேன்.

"நீங்க குழந்தைக்கு யாரு மேடம்?" என்று கன்னடத்தில் கேட்டார் அதிகாரி.

"பக்கத்து வீடு."

"பக்கத்து வீடுன்னா? பொண்ணே ஊரைச் சொல்லியிருக்கா."

அப்போதுதான் வேலூரிலிருந்து போன் வந்தது, அந்தக் கிராமத்தில் விசாரிக்கப் போயிருந்த அதிகாரி அம்மாவிடமிருந்து. அவருக்குக் கன்னடம் வராது, இவருக்குத் தமிழ் அரைகுறை. நடுவில் என்னைப் பேச வைத்தார்கள்.

"நேர்லயே போய்ப் பாத்துட்டேங்க. அந்தக் குடும்பம் கொள்ளுத்தாத்தா காலத்துலயே கோல்டு ஃபீல்டு போயிடுச்சேன்னு ஊரே சிரிக்குது. இந்தப் புள்ளைய இங்க அனுப்பி இன்னா பண்ணப் போறீங்க?"

அப்படியே கன்னடத்தில் சொன்னேன். "சரியாத்தான் சொல்றீங்களா?" என்று அதிகாரி என்னை உற்றுப் பார்த்தார். அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். இன்னொருவரைக் கூப்பிட்டு வேலூருடன் மறுபடியும் பேசவைத்தார். அவரும் அதையேதான் சொன்னார், ஜெசி.

அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். விசாரணை இனி கோலாரில். திங்கட்கிழமை என் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். கல்யாணம் ஆகாதவள், வேலைக்குப் போகிறவள், என்னிடம் கொடுப்பார்களா? அவள் அப்பாவையும் தேடுகிறார்களாம். அவன் வந்து கேட்டால் நான் என்ன சொல்வது?

வெளியே வரும்போது வராந்தாவில் அன்சி நின்றிருந்தாள்.

"திட்டுவியா ஆன்ட்டி?"

"வீட்டுக்கு வா, வெச்சுக்கறேன்."

"அப்ப வீட்டுக்குத்தான் போறோமா?" சிரித்துக்கொண்டே கேட்டாள். அவிழ்ந்திருந்த அவள் ரிப்பனைக் கட்டிவிட்டு, ஹோம் வேனில் ஏற்றிவிட்டு வந்தேன்.

உனக்குச் சொல்கிறேன். திங்கட்கிழமை எதைக் கேட்டாலும் ஒளிக்காமல் சொல்வேன். மறுத்தால் மறுபடியும் போய் நிற்பேன். அவளை எங்கே வைத்தாலும், அவளைப் பார்க்க ஒருத்தி வந்துகொண்டே இருப்பாள்.

இனி அன்சியின் பெரியம்மா,
ரூத்