டீ ஆறிய பிறகு ஒரு அழைப்பு

மாப்பிள்ளை,

இன்று காலை ஓர் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் இருந்த போன் ரிசீவரை எடுத்துக் காதுக்குக் கொண்டுபோனேன். குமட்டிக்கொண்டு வந்தது. பேசும் பக்கத்து ஓட்டைகளில் எத்தனையோ பேருடைய எச்சில் காய்ந்து கறுத்திருந்தது. கேட்கும் பக்கத்தில் தேங்காய் எண்ணெயும் பவுடரும் சேர்ந்து பிசுபிசுத்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று சுவரெல்லாம் படம் ஒட்டி வைத்திருக்கும் இடம் அது. சட்டைப் பையிலிருந்து உன் துணியை எடுத்துத் துடைத்தேன். அந்தப் பழைய பனியன் துணிதான். அத்தர் வாசம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

இந்த ஊர் போன்களைப் பார்த்து நீ ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எனக்காகத்தான் துடைத்துத் துடைத்துக் கொடுத்தாய். "மச்சானுக்கு எதப் பாத்தாலும் ஓங்கரிப்பு. இவன் எப்படித்தான் சோறு திங்கிறானோ" என்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே கேலி செய்வாய். செய்துகொண்டே துடைப்பாய்.

பாலிடெக்னிக் முடித்துவிட்டு நாம் இருவரும் சேர்ந்து ஆரம்பித்த தொழில் இது. இன்டர்நெட் வழியாகப் பேசும் ஆபீஸ் போன்களை வைத்துக் கொடுப்போம், அவை படுத்துக்கொண்டால் போய் எழுப்புவோம். போன் படுப்பதற்குப் போனே காரணமாக இருந்தது அபூர்வம். யாரோ ஒருவர் இன்டர்நெட் கனெக்‌ஷனை மாற்றியிருப்பார், அல்லது மலிவாகக் கிடைத்தது என்று ரௌட்டரை மாற்றியிருப்பார். கேட்டால் "நாங்க ஒண்ணையுமே தொடலையே" என்பார்கள். இந்தப் பொய்யைச் சொல்லாத ஆபீஸ் ஒன்றைத் திண்டுக்கல்லில் நான் இன்னும் பார்க்கவில்லை. ஒரு தோல் மண்டியில், புது ரௌட்டரைப் பச்சைத் தோல் அடுக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, நாம் வைத்த போன் சரியில்லை என்று முதலாளி நம்மைத் திட்டினாரே, நினைவிருக்கிறதா? மூக்கைப் பொத்திக்கொண்டு நான் வெளியே ஓடிவிட்டேன். நீ உள்ளே நுழைந்து, அந்தப் பெட்டியைத் தோளில் போட்டிருந்த துண்டில் ஏந்தி, பெற்ற பிள்ளையைப் போல வெளியே தூக்கிக்கொண்டு வந்தாய்.

அன்றுதான் உன் டீ வழக்கம் எனக்குப் புரிந்தது. வேலை முடிந்ததும் நான் செல்போனில் கூப்பிட்டேன், மேசை போன் மணி அடித்தது. கிளம்பலாம் என்றேன். நீ அசையவில்லை.

"இப்ப அடிக்கத்தான் செய்யும் மச்சான். இப்பத்தான நோண்டுனோம், முழிச்சிருக்கு. செத்த நேரம் தூங்கட்டும். ஒரு டீயக் குடிச்சிட்டு எழுப்பிப் பாப்போம்."

டீ குடித்துவிட்டுக் கூப்பிட்டோம். என் காதில் மணி அடித்தது. உள்ளே மேசையில் ஒரு சத்தமும் இல்லை.

இந்தப் போன்கள் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று அவ்வப்போது வெளியே சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொன்னால்தான் ரௌட்டர் கதவைத் திறந்து வைத்திருக்கும். புதிதாக வந்த ரௌட்டருக்குப் பொறுமை குறைவு. கொஞ்ச நேரம் சத்தம் இல்லையென்றால் கதவைச் சாத்திவிடும், பிறகு வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் உள்ளே வராது. ஆனால் உள்ளிருந்து ஒருவர் பேசினால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். அதனால்தான் உடனே சோதிக்கிறவனுக்கு எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தெரிகிறது. "பேசுற போன நம்பாத. கூப்பிட்டா முழிக்குதான்னு பாரு" என்பாய்.

ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் டீ. எனக்கு அது தண்டனை. ஒரே அழுக்குத் தண்ணீரில் முக்கி முக்கி எடுக்கும் கிளாஸ், மேலே படியும் ஆடை. என் கிளாஸில் இருக்கும் ஆடையையும் நீ விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொள்வாய். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இன்று காலை நான் போன திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கும் நாம்தான் போன் வைத்தோம். ஆம்புலன்ஸ் நம்பரும் அந்த வரவேற்பு மேசைக்குத்தான் வரும். செம்பட்டியில் எந்நேரமும் அவர்களுடைய வண்டி ஒன்று நிற்கும் என்று தெரிந்ததும் உனக்கு ஒரே சந்தோஷம். உன் சித்தையன்கோட்டை வீட்டுக்குக் கூப்பிடு தூரம். அன்றைக்கே அந்த நம்பரை, நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவியின் செல்போனில் பதிந்து கொடுத்தாய்.

அந்த வெள்ளிக்கிழமை நீ தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்டு எழுந்தாய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். தங்கச்சியிடம் நீ சொன்ன கடைசி வார்த்தையை அவள் எத்தனையோ தரம் என்னிடம் சொல்லிவிட்டாள். "அந்த நம்பருக்கு அடி. வண்டி வந்துரும். நான் வச்ச போனு."

அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நீ வைத்த போன் என்று நம்பி மறுபடியும் மறுபடியும் அடித்தாள். கடைசியில் பக்கத்து வீட்டுக் காரில் உன்னை ஏற்றினார்கள். செம்பட்டி முக்கில் அந்த வண்டி சும்மா நின்றுகொண்டிருந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நீ போய்விட்டாய்.

உன்னை அடக்கம் செய்து வந்த அன்று, உன் அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "போனப் புடிச்சுக்கிட்டே நின்னா. மனுசன் போயிட்டான்." தங்கச்சி தன் செல்போனை என்னிடம் நீட்டி, "நான் தப்பான நம்பருக்கா அடிச்சேன், பாருங்கண்ணே" என்றாள். நம்பர் சரிதான். அங்கே எவனோ எடுக்காமல் சோம்பிக் கிடந்திருப்பான் என்று நான் பல்லைக் கடித்தேன்.

போன் அவ்வப்போது மக்கர் செய்கிறது என்று ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றுக் கூப்பிட்டார்கள். அந்த வாசலை மிதிக்கவே பிடிக்கவில்லை, ஆனாலும் இன்று போனேன். மேனேஜர் தன் மேசை போனிலிருந்து எனக்குக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாருங்க, போகுதுல்ல? போனு நல்லாத்தான் இருக்கு. சில நேரம் வெளிய இருந்து வர மாட்டேங்குது, அம்புட்டுத்தான்."

உள்ளே போய்ப் பார்த்தேன். செருப்பு வைக்கும் அலமாரிக்கு அடியில், யாரோ குடித்துவிட்டுப் போட்ட பேப்பர் கப்புகளுக்கு நடுவே, ஒரு புது ரௌட்டர். எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். வழக்கமான பொய்க்குப் பிறகு உண்மை வந்தது. அவருடைய மச்சினன் ஒரு புது கனெக்‌ஷன் கொடுத்தானாம். நீ போனதற்கு முந்தின வாரம்.

பிறகு மேனேஜரிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு உன்னைத் தெரியும், அவருடைய போனை வைத்ததும் நீதான். "த்சொ" என்றார். வாயில் இருந்த பாக்கை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, "இத வெளிய சொல்லிக்கிட்டு இருக்க வேணாம். போனு பழசாயிருச்சுன்னு வச்சுக்குவோம். மத்ததெல்லாம் சாயந்தரத்துக்குள்ள முடிஞ்சிருமா?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை, எச்சில் ரிசீவரெல்லாம் ஒன்றுமே இல்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் வந்ததுதான் அருவருப்பு. வண்டி வந்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா என்று எனக்குத் தெரியாது. அந்த ஆளுக்கு அப்படி ஒரு கேள்விகூட வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நடந்திருப்பேன். ஆனால் அந்த நம்பரை நம்பி இன்னொருத்தி எங்கோ அடிப்பாள். அதனால் உட்கார்ந்து, ஒவ்வொரு போனையும் அடிக்கடி குரல் கொடுக்கும்படி மாற்றி வைத்தேன். வேலை முடிந்ததும் எதிர்க் கடைக்குப் போய் ஒரு டீ சொன்னேன்.

டீயைக் கையில் வைத்துக்கொண்டே தங்கச்சிக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சரியாகத்தான் அடித்தாள், இங்கே மணி அடிக்கவே இல்லை என்றேன். "இப்ப அடிச்சா எடுப்பாங்களாண்ணே? நான் ஒருக்க அடிச்சுப் பாக்கவா?" என்று கேட்டாள்.

அடித்துப் பார் என்று சொல்லிவிட்டு, கிளாஸோடு ரோட்டைத் தாண்டி வரவேற்பு மேசைக்கு வந்தேன். வந்து நின்றதும் போன் மணி அடித்தது. அங்கே இருந்த பெண் எடுத்து, ஆம்புலன்ஸ் வேண்டுமா என்று கேட்டாள். "யாரும் பேச மாட்டேங்கிறாங்க சார்" என்று என்னைப் பார்த்தாள். வைத்துவிட வேண்டாம் என்றேன். கொஞ்சம் கழித்து ரிசீவரிலிருந்து தங்கச்சியின் குரல் எனக்கே கேட்டது.

"வண்டி இப்ப எங்கம்மா நிக்கிது?"

"செம்பட்டியிலதாங்க்கா நிக்கிது. அனுப்பவா?"

"வேணாம்மா" என்று சொல்லித் தங்கச்சி போனை வைத்தாள்.

உடனே எனக்குக் கூப்பிட்டாள். அழவில்லை. இதை அக்கா முன்னால் ஒரு தடவை சொல்ல முடியுமா என்று கேட்டாள். வரும் வெள்ளிக்கிழமை தொழுகை முடியும் நேரத்துக்கு உன் வீட்டுக்குப் போகிறேன். மேனேஜர் வெளியே சொல்ல வேண்டாம் என்றதை, உன் அக்கா முன்னாலும் அங்கே உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர் அத்தனை பேர் முன்னாலும் சொல்லப்போகிறேன்.

போனை வைத்துவிட்டுப் பார்த்தேன். கையில் இருந்த டீ ஆறிப்போயிருந்தது, மேலே தடித்து ஆடை படிந்திருந்தது. எடுத்துத் தின்ன நீ இல்லை. ஆடையோடு குடித்தேன்.