ஷட்டரில் தொங்கும் பைகள்

ஐப்பசி 1, ஞாயிறு

விடியும்போதே மழை. நேத்தோட புரட்டாசி முடிஞ்சது, இன்னைக்கே ஞாயிறு. இப்படி ஒரு பொருத்தம் எந்த வருஷம் வரும்? ஒரு மாசம் வாயைக் கட்டின ஜனம். மசாலா தடவின சிக்கன் பாக்கெட் மத்தியானத்துக்குள்ள காலி. அயப்பாக்கம் ஃப்ளாட் குரூப்பிலேர்ந்து ஆர்டர் மேல ஆர்டர். கை முழுக்க இஞ்சி பூண்டு, எரியுது.

இவருக்கு லீவு. கடை முன்னாடி தார்ப்பாய் கட்டிக் கொடுத்தார். ஃபேக்டரியில பேக்கிங் செக்‌ஷன். எதைக் கட்டினாலும் அந்த முடிச்சுதான்: ரெண்டு சுத்து, உள்ளே விட்டு ஒரே இழுப்பு. நகத்தால அவுக்க முடியாது, கத்தி வேணும். வீட்டுக் குப்பைப் பைக்கும் அதே முடிச்சு. "குப்பையை யாருங்க திருடப் போறா?"ன்னு கேட்டா, "ஒழுகாதுல்ல"ங்கறார்.

வாங்க வேண்டியது: வரமிளகாய், ஃபினாயில், பெரிய கவர், இவர் முழங்காலுக்குத் தைலம்.

ஐப்பசி 3, செவ்வாய்

மழை விடலை. உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தாங்க. சின்னப் பொண்ணு, மரியாதையாத்தான் பேசினாங்க. ஞாயித்துக்கிழமை ஒரு ஃப்ளாட்ல பிறந்தநாள். சாப்பிட்ட பிள்ளைங்களுக்கு வாந்தி, ரெண்டு பேர் ஆஸ்பத்திரியில. மெனுவுல நம்ம பாக்கெட்டும் இருந்திருக்கு.

சாம்பிள் எடுத்து சீல் வெச்சாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் பாக்கெட் போடக்கூடாது. வித்ததையெல்லாம் திரும்ப வாங்கணும். தினம் வெட்டற கோழி விக்கலாம்.

பிள்ளைங்க எப்படி இருக்குன்னு கேட்டேன். தேறிட்டாங்களாம். அப்பதான் மூச்சே வந்தது.

குரூப்ல போட மெசேஜ் எழுதினேன். பாக்கெட்டைத் திருப்பித் தாங்க, பணம் உடனே தர்றோம்னு. கூச்சப்படுவாங்களேன்னு கடைசியா நானே ஒண்ணு சேர்த்தேன்: "சந்தேகமா இருந்தா யோசிக்காதீங்க. நேர்ல வரக் கஷ்டமா இருந்தா கடை ஷட்டர்ல மாட்டிட்டுப் போங்க."

இவர் படிச்சுப் பார்த்தார். "நல்லா எழுதியிருக்க." பரவாயில்லை, என் புருஷன் வாயிலேர்ந்து ஒரு பாராட்டு.

ஐப்பசி 5, வியாழன்

கடைக்குப் போனா ஷட்டர் தெரியலை. பை. மஞ்சப்பை, கறுப்புக் கவர், துணிக்கடைப் பை. பூட்டுல, கொக்கியில, தார்ப்பாய்க் கயித்துல. மழைத்தண்ணி சொட்டிக்கிட்டு. ஒரு ஆள் இல்லை தெருவுல. அண்ணனூர் ஷெட்லேர்ந்து ரயில் ஹாரன் மட்டும்.

எல்லாம் நம்ம பாக்கெட். பிரிக்காதது, பாதி பிரிச்சது. பணம் கேட்டு ஒருத்தரும் வரலை. அதுதான் என்னவோ மாதிரி இருக்கு. திட்டிட்டாவது போயிருக்கலாம்.

பாஷா பாய் வந்து பார்த்துட்டு, "இன்னாம்மா இது, கடையா கோயில் மரமா?" பத்து வருஷமா எனக்குக் கோழி வெட்டற மனுஷன். அவருக்கே சிரிப்பு வரலை.

தினமும் கழிவுக்குக் காத்துக் கிடக்கற நாய்ங்க எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கு. பையையே பார்க்குது. கிட்ட வரலை. "நாய்க்கும் குரூப்ல மெசேஜ் பூட்சா?"ங்கறார் பாய்.

பின்னாடி குழி வெட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டு, அதிகாரி முன்னாடி மூடினோம்.

இன்னைக்கு வியாபாரம்: டீக்கடைக்காரர் அரை கிலோ. அவரும் முகத்தைப் பார்க்காம வாங்கினார்.

ஐப்பசி 8, ஞாயிறு

வித்த பாக்கெட்டெல்லாம் திரும்பி வந்தாச்சு. பை வர்றது மட்டும் நிக்கலை.

இன்னைக்குத் தொங்கினது: வேற கடைக் கறி, மீன், முட்டை. ஒரு பையில பிரிக்காத பால் பாக்கெட். ஒண்ணுல இட்லி மாவு, புளிச்சுப் பொங்கி வழிஞ்சு. ஒரு சின்னப் பையில குழந்தை பால் பவுடர் டப்பா.

பால் பவுடருக்கு நான் என்ன பண்ணுவேன்? அது என் கடைச் சரக்கா? டப்பாவைக் கையில வெச்சுக்கிட்டு மேலே பார்த்தேன். ஃப்ளாட் பால்கனி எல்லாம் துணி காயுது, ஆள் இல்லை. ஆனா பார்க்கறாங்க. எனக்குத் தெரியும். முதுகு கூசுது.

நான்தானே எழுதினேன், சந்தேகமா இருந்தா மாட்டுங்கன்னு. எது மேல சந்தேகம்னு எழுதலை. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

இவர்கிட்ட சொல்லி அழுதேன். "விடு, நாளையிலேர்ந்து எனக்கு லஞ்சுக்கு நம்ம கறியே வை. கேன்டீன்ல எல்லாரும் பார்க்கட்டும்"னார். இந்த ஒரு மனுஷன் நம்பினா போதும். ஊர் எப்படியோ போகட்டும்.

ஐப்பசி 11, புதன்

தூறல். இவருக்குத் தினம் கறிதான். எங்க ஊர்ப் பழக்கப்படி தேங்காயைச் சில்லு சில்லாக் கீறி வதக்கிப் போட்டேன். இந்தத் தெருவுல வேற யாரும் குழம்புல அப்படிப் போட மாட்டாங்க. டிபன் பாக்ஸ் கழுவியே திரும்பி வந்தது. கறி நல்லா இருந்துச்சாம்.

கடையில ஒரு விஷயம். பாய் ஒவ்வொரு பையா அவுத்துக் கொட்டிக்கிட்டிருந்தார். ஒண்ணு அவுக்க வரலைன்னு கத்தியால கிழிச்சார். உள்ளே பார்த்தார். அப்படியே சுருட்டி, பின்னாடி புதுசா வெட்டின குழியில போட்டுட்டார். "என்ன பாய்?"னு கேட்டா, "பழைய சோறு, வுடு." மீதிப் பையையெல்லாம் எனக்கு முதுகைக் காட்டி நின்னே அவுத்தார்.

போகும்போது சொல்றார்: "தங்கச்சி, நீ இன்மே வெள்ளன வராத. நா வந்து பையெல்லாம் எட்த்துட்றேன். ஒனக்கு இன்னாத்துக்கு அந்தக் கண்றாவி?"

சரின்னேன். கூடப் பொறந்த அண்ணன்கூட இப்படிப் பார்க்க மாட்டான்.

ஐப்பசி 13, வெள்ளி

கேமரா மாட்டலாமான்னு இவரைக் கேட்டேன். சாப்பிட்டுக்கிட்டிருந்தவர் கை நின்னுது. "வேணாம். யாருன்னு தெரிஞ்சா என்ன பண்ணப் போற? அப்புறம் அவங்க முகத்துல எப்படி முழிப்ப?"

நியாயம்தான். மீனா மேடம்னு தெரிஞ்சா? அவங்கதான் ஃப்ளாட் குரூப்பை நடத்தறவங்க. தினம் குட்மார்னிங் அனுப்பறாங்க.

கறி வெட்டற கட்டையில இப்பல்லாம் ஈரம்கூட இல்லை. ஃபினாயில் வாசனை. கடையா ஆஸ்பத்திரியான்னு எனக்கே பயமா இருக்கு.

ஐப்பசி 17, செவ்வாய்

ரிசல்ட் வந்தாச்சு! நம்ம சாம்பிள்ல ஒண்ணும் இல்லை. ஒண்ணுமே இல்லை. அதிகாரிப் பொண்ணே ஃபோன் பண்ணி, "பாக்கெட் போடலாம்மா. தப்பு உங்களது இல்லை"ன்னாங்க. அப்ப யாரோடதுன்னு கேட்டேன். கேக்கா, தண்ணியா, தெரியலையாம்.

குரூப்ல ரிப்போர்ட் போட்டேன். கை கூப்பற படம் வரிசையா வந்தது. மீனா மேடம்: "எங்களுக்கு உங்க மேல எப்பவும் நம்பிக்கைதான்." தீபாவளிக்கு ஆர்டர் எடுக்கறேன்னு போட்டேன். எல்லாரும் பார்த்திருக்காங்க, நீல டிக். பதில் இல்லை.

தீபாவளி கை விட்டா கடையை மூட வேண்டியதுதான். இவர்கிட்ட சொன்னேன். "நான் இருக்கேன்ல"ன்னார்.

பை இன்னைக்கும் இருந்ததாம். எத்தனைன்னு பாய் சொல்லலை.

ஐப்பசி 22, ஞாயிறு. தீபாவளி

வெயில், ரொம்ப நாளைக்கு அப்புறம். எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு, இட்லி, கறிக்குழம்பு. இவர் தட்டுல கறி போட்டேன். குழம்பை ஊத்திப் பிசைஞ்சார், பேசினார், சிரிச்சார். எழுந்து போனப்புறம் பார்த்தா தட்டு ஓரத்துல துண்டெல்லாம் அப்படியே. பண்டிகை நாள், பலகாரம் தின்ன வயிறு. விட்டுட்டேன்.

கடையில ஏழெட்டுப் பேர் வந்தாங்க. எல்லாம் வெளியூர்ப் பசங்க, குரூப்ல இல்லாதவங்க. மீதிக் கறியை என்ன பண்றதுன்னு தெரியலை. பாய் நாளைக்கு லீவு, பூந்தமல்லியில பொண்ணு வீட்டுக்குப் போறார். நாலு தடவை சொல்லிட்டார்: "நாளிக்குக் கடை தொறக்காத. கேட்டியா? தொறக்காத."

ஐப்பசி 23, திங்கள்

பனி மாதிரி பட்டாசுப் புகை. இவர் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். எழுந்து புதுசாக் குழம்பு வெச்சு, கால் துண்டு ரெண்டு, தேங்காய்ச் சில்லு நிறைய, டிபன் பாக்ஸ்ல வெச்சு அனுப்பினேன். வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பற வரைக்கும் நின்னேன். கடைத் தெரு வழியாத்தான் போவார்.

வீட்டுல இருப்பே கொள்ளலை. கழுவி விட்டுட்டாவது வரலாம்னு கடைக்குப் போனேன்.

ஷட்டர் சுத்தமா இருந்தது. மனசு குளிர்ந்து போச்சு. அப்புறம்தான் பார்த்தேன், பூட்டுல ஒரே ஒரு பை. சின்னது. கையை வெச்சா சூடு. ஆறவே இல்லை.

அவுத்தேன். வரலை. நகம் உடைஞ்சது. ரெண்டு சுத்து, உள்ளே விட்டு ஒரு இழுப்பு.

கத்தி எடுக்கலை. எடுக்காமலே தெரியும். கவர் வழியாவே தெரிஞ்சது, கால் துண்டு ரெண்டு. தேங்காய்ச் சில்லு. பாய்க்கு இத்தனை நாளாத் தெரிஞ்சிருக்கு.

எதிர்ப்பக்கம் நாய்ங்க என்னையே பார்த்துக்கிட்டிருந்தது. பையை நானே குழியில போட்டு மூடினேன். அப்புறம் எப்படி வீட்டுக்கு வந்தேன்னு ஞாபகம் இல்லை.

சாயங்காலம் வந்தார். டிபன் பாக்ஸ் பளபளன்னு கழுவியிருக்கு.

"கறி எப்படி இருந்துச்சு?"

"சூப்பர். கேன்டீன்ல கேட்டு வாங்கித் தின்னானுங்க."

முகத்தைப் பார்த்தேன். அதே முகம்தான். பாவமா இருந்தது, பயமாவும் இருந்தது. நாளைக்கு என்ன வைக்கட்டும்னு கேட்டேன்.

"கறியே வை."

தேங்காய் கீறி வெச்சாச்சு.