துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்த அண்ணிக்கு

போன இடத்திலும் நெற்றி நிறையப் பொட்டோடு இருக்கும் என் அண்ணிக்கு, உங்கள் கொழுந்தன் வணங்கிச் சொல்லிக்கொள்வது.

எழுதிக்கொள்வது என்று போட முடியாது. எனக்கு எழுதத் தெரியாது, உங்களுக்குப் படிக்கத் தெரியாது. நடுவில் துர்கா உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்லத் தட்டிக்கொண்டிருக்கிறாள். உங்கள் நினைவு நாளுக்கு வருடா வருடம் பத்திரிகையில் படம் போட்டு, கீழே நாலு வரி போடுவோம். இந்த வருடம் நாலு வரி பத்தாது அண்ணி. உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஒன்றுக்கு உத்தரவும் கேட்க வேண்டும். ஊர் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

துர்கா யாரென்று மறந்திருக்க மாட்டீர்கள். என் கடைசி மகன், நம் கடைக்குட்டி ராஜேந்திரனின் மகள். உங்கள் மடியில் படுத்து, உங்கள் தாலியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு தூங்குவாளே, அந்தப் பிள்ளைதான். பட்டம் வாங்கிவிட்டு கூலிம் டவுனில் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது மேலே சினிமா படிக்கப் போகிறாள். பதறாதீர்கள், நடிக்க இல்லை. படம் எடுக்க.

"சினிமாவுக்கும் மேல்பட்டம் இருக்கா?" என்று கேட்டேன்.

"டாக்டருக்கு இருக்குல்ல தாத்தா? இதுக்கும் இருக்குலா" என்றாள்.

மூன்று நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு மனுப் போட்டாள். லண்டனில் ஒன்று, ஒரே வருடம், நிஜத்தில் நடந்ததை மட்டும் படமாக எடுக்கச் சொல்லித் தருவார்கள். கொரியாவில் ஒன்று, இரண்டு வருடம், கதைப் படம், முதலில் அவர்கள் மொழி படிக்க வேண்டும். இந்தியாவில் ஒன்று, மூன்று வருடம், பரீட்சை கடினம், ஆனால் கேமராவிலிருந்து வெட்டி ஒட்டுவது வரை எல்லா வேலையும் கையால் செய்ய வைப்பார்களாம். சாப்பிடும்போதும் இதே பேச்சு. "ஜப்பான் மட்டும் வேணாம்மா, தாத்தாவுக்கு ரத்தம் கொதிச்சிரும்" என்று ராஜேந்திரன் சீண்டுவான். "நான் அங்க போடவே இல்லப்பா, சும்மா இருங்க" என்பாள்.

மனுவோடு ஒரு சின்னப் படமும் எடுத்து அனுப்ப வேண்டும். எதை எடுக்கப் போகிறாய் என்று கேட்டேன். "பெரிய பாட்டி அந்தத் துணியில பெரிய தாத்தாவப் பார்த்தாங்களே, அத" என்றாள். அதை நான் அவளுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் இதை மற்றவர்களும் படிப்பார்கள், அவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன்.

ஜப்பான்காரன் காலம். பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனான், பால் வாங்க ஆளில்லை, மரவள்ளிக் கிழங்கே மூன்று வேளைச் சாப்பாடு. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். அண்ணன் காத்தமுத்துவை லாரியில் ஏற்றினார்கள். உங்களுக்குக் கல்யாணமாகி ஒரு தீபாவளிகூட வரவில்லை. நான் அப்போதுதான் பாலுக்கு மரம் வெட்டப் பழகியிருந்தேன். அண்ணன் விட்டுப்போன நிரையை, அவர் பங்கு மர வரிசையை, எனக்குக் கொடுத்தார்கள்.

பல மாதம் கழித்து, சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவன் நம் லயத்து வீட்டு வாசலில் நின்று, வாந்திபேதியில் அண்ணன் போய்விட்டதாகச் சொன்னான். அம்மா மண்ணில் விழுந்தாள். நீங்கள் அழவில்லை. "நீ கண்ணால பார்த்தியா?" என்று மட்டும் கேட்டீர்கள். பக்கத்துக் கொட்டகை ஆள் சொன்னான் என்றான் அவன்.

உடல் இல்லாமலே பதினாறாம் நாள் காரியத்துக்கு ஏற்பாடு நடந்தது. அன்றைக்கு உங்கள் தாலியை இறக்குவது என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அதற்கு முதல் நாள்தான் ஜப்பான்காரனின் பட லாரி வந்தது. சாவு வீடோ கல்யாண வீடோ, எல்லாரும் வந்தாக வேண்டும் என்று உத்தரவு. விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் இரண்டு கம்பு நட்டு, நடுவில் வெள்ளைத் துணி கட்டினார்கள். சனமெல்லாம் லாரிப் பக்கம் உட்கார்ந்தது. கங்காணி நம்மைப் பார்த்து, "தீட்டு வீட்டுக்காரங்க சனத்தோட கலக்க வேணாம், துணிக்கு அந்தாண்ட போய் உக்காருங்க" என்றார். அம்மா, நீங்கள், நான் மூன்று பேரும் துணிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம்.

பொழுது சாய்ந்ததும் விளக்கு எரிந்தது. அண்ணி, தொண்ணூறைத் தாண்டிவிட்டேன், எத்தனையோ பார்த்துவிட்டேன். அந்தத் துணி உயிர் பெற்ற நேரத்தைப் போல ஒன்றை இதுவரை பார்க்கவில்லை. காற்றடித்தால் மனிதர்கள் வீங்கினார்கள், காற்று நின்றால் மெலிந்தார்கள். சயாமில் அந்த நிமிடம் நடப்பதுதான் இங்கே தெரிகிறது என்று நினைத்தோம். தண்டவாளம், மலை, ஆறு. நம் ஆட்கள் சிரித்துக்கொண்டே வேலை செய்தார்கள், தட்டு நிறையச் சோறு தின்றார்கள்.

முன்பக்கத்திலிருந்து ஒருவன், "அம்மாடி, எவ்வளவு சோறு! என்னையும் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்கய்யா" என்றான். "போனவன் ஒருத்தன் திரும்பி வந்து ஏப்பம் விடட்டும்டா, அப்புறம் நீ போ" என்றது இன்னொரு குரல். எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அப்போதுதான் அந்த ஆள் வந்தான். தலையில் துண்டு, தோளில் மரக்கட்டை. இடது தோள். நீங்கள் எழுந்து நின்றுவிட்டீர்கள். மரக்கிளை விழுந்து அண்ணனின் வலது தோள் எலும்பு உடைந்ததிலிருந்து, பால் வாளிக் கம்பை இடது தோளில்தான் தூக்குவார். தோட்டத்தில் வேறு யாரும் அப்படித் தூக்க மாட்டார்கள்.

"தம்பி, உங்கண்ணன்!"

ஓடிப்போய்த் துணியில் கையை வைத்தீர்கள். அவர் உங்கள் உள்ளங்கை மேல் நடந்து போனார். உங்கள் விரலெல்லாம் வெளிச்சம். முன்னால் இருந்தவர்கள் கட்டை சுமந்தவனின் நெஞ்சில் ஒரு கை முளைத்ததைப் பார்த்ததாகப் பிற்பாடு சொன்னார்கள். அது காத்தமுத்து இல்லை என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. தெரியாமல் சொல்லவில்லையா, தெரிந்தே சொல்லவில்லையா?

மறுநாள் பெரியவர்கள் வந்தபோது வாசலில் நின்று சொன்னீர்களே: "நடந்து போறவருக்குக் காரியம் பண்ணுவீங்களா? எவளாச்சும் என் கழுத்துல கை வச்சுப் பாருங்க."

யாரும் வைக்கவில்லை. ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரன் வந்தான், அவனும் போனான், அண்ணன் வரவில்லை. படம் முன்னாலேயே எடுத்து வைத்துப் பிற்பாடு காட்டுவது என்று ஒருவர் விளக்கிச் சொன்னபோதும் நீங்கள் அசையவில்லை. "எடுத்தப்ப நடந்தாரில்ல? அது போதும்" என்றீர்கள். தோட்டத்துத் திடலில் எப்போது படம் போட்டாலும் நீங்கள் தனியாகத் துணிக்குப் பின்னால் பாய் விரிப்பீர்கள். நான் கல்யாணம் கட்டிப் பிள்ளைகள் பெற்றேன், அவர்களை நீங்களே தூக்கி வளர்த்தீர்கள். கடைசியில் படுக்கையில், "கழட்டாதீங்க" என்று ஒரே வார்த்தை. தாலியோடும் குங்குமத்தோடும்தான் அனுப்பினோம்.

இனிதான் அண்ணி, சொல்ல வேண்டியது.

துர்கா அந்தக் காட்சியை எடுப்பதற்காக கார் நிற்கும் இடத்தில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டினாள். நாம் உட்கார்ந்த மாதிரியே என்னைப் பின்பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். ராஜேந்திரன் வேலை முடிந்து வந்து, "என்னம்மா, துணி காயப்போட வேற இடம் கெடைக்கலையா? காடிய எங்க நிறுத்துறது?" என்று கத்தினான். அவள் காதில் வாங்கவில்லை. ஒத்திகைக்காகத் தான் பையை மாட்டிக்கொண்டு நடக்கிற படத்தைத் துணியில் ஓடவிட்டாள்.

நான் பார்த்துவிட்டுச் சும்மா கேட்டேன். "நீ எப்பலேருந்து இடது தோள்ல பை மாட்ட ஆரம்பிச்ச?"

"இல்லையே தாத்தா, எப்பவும் வலதுதான்."

துணியைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தாள். பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தாத்தா, நீங்களும் பெரிய பாட்டியும் எந்தப் பக்கம் உக்காந்தீங்கன்னு சொன்னீங்க?"

பின்னாலிருந்து பார்த்தால் இடமும் வலமும் மாறித் தெரியும் அண்ணி. நாம் பார்த்த ஆள் இடது தோளில் சுமந்தான் என்றால், நிஜத்தில் அவன் வலது தோளில் சுமந்தவன். அண்ணனால் வலது தோளில் ஒரு வாளியைக்கூடத் தூக்க முடியாது. அவன் வேறு யாரோ. வேறொரு வீட்டுப் பிள்ளை.

இத்தனை காலமும் இது எனக்கு எப்படித் தெரியாமல் போனது? படத்தில் எழுத்து வரும்போது படித்தவர் யாராவது நம்மோடு பின்பக்கம் இருந்திருந்தால், எழுத்து திரும்பியிருக்கிறதே என்று சொல்லியிருப்பார். நமக்கு எழுத்து எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றுதானே?

துர்கா தேம்பி அழுதாள். "பாட்டி தாலிய நானே கழட்டிட்ட மாதிரி இருக்கு தாத்தா. இத படத்துல சொல்லவா, விட்டுடவா? நீங்க சொல்றதுதான்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டாம் நாள் உங்கள் கடைசித் தீபாவளி நினைவுக்கு வந்தது. உங்களுக்குக் கை நடுங்கியது, நான் கண்ணாடி பிடித்தேன், நீங்கள் பொட்டு வைத்தீர்கள். வைத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

"இவளுக்கு எல்லாமே மாறித்தான் வரும் தம்பி. நான் வலது கையால வச்சா இவ இடது கையால வைக்கிறா. ஆனா பொட்டு என்னமோ நடுவுலதான் விழுது."

அன்றைக்கு அதைக் கிழவியின் விளையாட்டுப் பேச்சு என்று விட்டுவிட்டேன். இப்போதுதான் உறைக்கிறது. உங்களுக்குத் தெரியுமா அண்ணி? எப்போதிலிருந்து தெரியும்? தெரிந்துதான் ஒவ்வொரு படத்துக்கும் பின்பக்கமே போய் உட்கார்ந்தீர்களா?

"எல்லாத்தையும் போடும்மா" என்று துர்காவிடம் சொன்னேன். உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். அந்த உத்தரவைத்தான் இப்போது கேட்கிறேன்.

படம் போயிற்று. மூன்று பள்ளிக்கூடமும் கணினியில் முகம் பார்த்து அவளோடு பேசின. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பேசி முடித்ததும் அவள் தமிழில் சொல்லுவாள். லண்டன்காரர், ஜப்பான்காரன் காட்டிய அந்தப் பழைய படச்சுருள் இப்போது எங்கே இருக்கிறது, தேடினாயா என்று கேட்டாராம். நியாயமான கேள்விதான். கொரியாக்காரர், அந்தக் கணவன் திரும்பி வருவதாகக் கதையை முடித்தால் என்ன என்று கேட்டாராம். நல்ல மனுஷன் போலிருக்கிறது. இந்தியாவில் ஒரு நரைத்த அம்மா. அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "இதையே பெரிய படமாக எடுத்தால், கேமராவைத் துணிக்கு எந்தப் பக்கம் வைப்பாய்? முன்பக்கம்தானே உண்மை?"

இவள் சொன்னாளாம்: "பின்பக்கம். பாட்டி உட்கார்ந்த இடத்தில். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் கட்டை சுமப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது. பின்பக்கத்திலிருந்து பார்த்தால் அவர் என் தாத்தாவின் அண்ணன்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததை நானே பார்த்தேன்.

உங்கள் மடியில் எச்சில் ஒழுகத் தூங்கிய பிள்ளை அண்ணி! இந்தப் பேச்சு அவளுக்கு எங்கிருந்து வந்தது?

மூன்று இடத்திலும் இடம் கிடைத்துவிட்டது. அவள் மனம் அந்த நரைத்த அம்மாவிடம் போய்விட்டது, முகத்திலேயே தெரிகிறது. ஆனால் லண்டனே போகிறேன் என்று நின்றாள். ஏன் என்றால் சொல்லவில்லை. ராஜேந்திரன் அதட்டிக் கேட்டதும் வாய்விட்டுச் சொன்னாள்.

"லண்டன் ஒரு வருஷம்ப்பா. ஒரு வருஷம்னா தாத்தா இருப்பாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. "நான் யாரோட கொழுந்தன்னு நெனச்ச? என் அண்ணி ஒரு நிமிஷம் பார்த்தத வச்சுக்கிட்டு ஆயுசு பூரா இருந்தவங்க. எனக்கு மூணு வருஷம் இருக்க முடியாதா? போய் இந்தியாவுக்கு டிக்கெட்டப் போடு."

போட்டுவிட்டாள். இதைத் தட்டும்போது மூக்கை உறிஞ்சுகிறாள்.

ஆகையால் அண்ணி, உங்களுக்கு ஒரு வாக்கு. பிள்ளை படித்து முடித்துப் படத்தோடு வரும்வரை நான் அங்கே வர மாட்டேன். எனக்காக இலை போட்டுக் காத்திருக்க வேண்டாம். நம் ரப்பர் தோட்டம் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிவிட்டது, பெரட்டுக் களம் இருந்த இடத்தில் கோயில் திடல் இருக்கிறது. அங்கே துணி கட்டி அவள் படத்தைப் போடச் சொல்லியிருக்கிறேன். ஊரெல்லாம் முன்பக்கம் உட்காரட்டும். நான் பின்பக்கம் பாய் விரித்து உட்காருவேன், பக்கத்தில் உங்களுக்கும் இடம் விட்டு. கட்டை சுமந்த அந்த ஆள் வரும்போது எழுந்துபோய்த் துணியில் கை வைப்பேன். அவன் எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி, என் கை மேலும் ஒரு முறை நடந்து போகட்டும்.

கையில் அந்த வெளிச்சத்தின் சூடு ஆறுவதற்குள் உங்களிடம் வந்து சேருகிறேன்.

காத்தமுத்துவின் தம்பி, உங்கள் கொழுந்தன்,
வேலு

(நான் தட்டினேன் பாட்டி. உங்கள் துர்கா.)