நடபுவா முக்கில் லாரியை முந்தியது

அக். 6, வியாழன்

காலையிலிருந்து மழை. ஜன்னலோரக் கட்டில், போர்வையெல்லாம் சாரல். நர்ஸிடம் பேனா கேட்டு வாங்கினேன். செவ்வாய்க்கிழமை நடந்தது மறப்பதற்குள் எழுத வேண்டும்.

மணி 3.10 இருக்கும். பள்ளியிலிருந்து மோட்டார் சைக்கிளில் லவுடோகா டவுனுக்கு. ரோடு ஈரம். முன்னால் கரும்பு லாரி, மில்லுக்குப் போவது. நடபுவா முக்கில் லாரி வேகம் குறைந்தது, கிட்டத்தட்ட நின்றே விட்டது. ஏன் நின்றது என்று யோசிக்கவில்லை. வலப்பக்கமாக முந்தினேன். லாரியின் மூக்குக்கு முன்னாலிருந்து ஒரு நீல பிக்கப் வெளியே வந்தது. இடப்பக்கச் சந்திலிருந்து வலது திரும்புகிற வண்டி. பிரேக். பின்சக்கரம் வழுக்கியது. அப்புறம் வானம்.

வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிவு. இடது தோளில் சிராய்ப்பு. ஹெல்மெட் தலையில் இருந்தது, வார் மாட்டவில்லை. கழன்று வாய்க்காலில் கிடந்ததாம். தலை தப்பியது அதிர்ஷ்டம். என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை.

வார்டில் மோட்டார் சைக்கிள்காரர் என்னோடு நால்வர்:
தவுவாக்காரர் – இருட்டில் ரோட்டில் படுத்திருந்த மாடு.
வட்டுகோலா சுரங்கத் தொழிலாளி – வளைவில் சரளைக்கல்.
பா ஊர்க்காரர் – பீர். அவரே சிரித்துக்கொண்டு சொல்கிறார்.
நான் – அவசரம்.

என்ன அவசரம் என்பதையும் இங்கேயாவது எழுதுகிறேன். ஸ்டுடியோ நாலு மணிக்கு மூடிவிடும். நியூசிலாந்து விண்ணப்பத்துக்கு போட்டோ வேண்டும். போன வருஷம் இங்கே ஃபிஜியில் இரண்டு தடவை ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து எங்கள் ஸ்டாஃப் ரூமில் பாதி நாற்காலி காலி. ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் நானும் போகப் பார்க்கிறேன் என்று யாருக்கும் சொல்லவில்லை. ஹெட்மாஸ்டரிடம் சொன்னது: பக்கத்துப் பள்ளியில் பரீட்சைத் தாள் வாங்கிவரப் போகிறேன்.

மாலை அந்த ஹெ.மா.வே வந்தார். இந்த ஊரிலேயே பிறந்தவர், நல்ல மனிதர். “டியூட்டியில்தானே போனீர்கள்? ரிஜிஸ்டரில் கையெழுத்து இருக்கிறது. பள்ளி மூலமாகவே நஷ்டஈடு கேட்கலாம், கவலைப்படாதீர்கள்” என்றார்.

நன்றி என்றேன்.

அக். 7, வெள்ளி

மழை விட்டது. வலி ஊசி போட்டால் மூன்று மணி நேரம் தாங்குகிறது.

கான்ஸ்டபிள் வந்தார். உயரமான பூர்வீக ஃபிஜிக்காரர், மெதுவாக ஆங்கிலம் பேசுகிறார். கட்டில் ஓரத்தில் ஃபைலை வைத்து எழுதினார்.

“நேராகப் போய்க்கொண்டிருந்தீர்களா?”

“நேராகத்தான்.”

“லாரி ஒன்று நின்றதாம், அதன் டிரைவர் வரச்சொல்லிக் கை காட்டினாராம். அதனால்தான் வந்தேன் என்கிறார் பிக்கப் ஓட்டிய பெரியவர். லாரி நம்பர் தெரியாதாம். நீங்கள் லாரியைப் பார்த்தீர்களா?”

“கரும்பு வெட்டு சீசன். ரோடெல்லாம் லாரிதான்.”

அப்படியே எழுதிக்கொண்டார். வேறு சாட்சி இல்லையாம். டைப் அடித்துக் கையெழுத்துக்குக் கொண்டுவருவாராம்.

நான் பொய் சொல்லவில்லை. இந்த வாக்கியத்தை மூன்று தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். கணக்கு வாத்தியாருக்குத் தெரியாதா, விடுபட்ட படி எது என்று.

அக். 8, சனி

மனைவி விமலா இட்லி கொண்டுவந்தாள். சட்னி ஊசிப்போயிருந்தது. சொல்லாமல் தின்றேன். மாவுக்கட்டுக்குள் அரிப்பு. பின்னல் ஊசி கொடுத்தாள் சொறிய.

விசிட்டர் நேரத்தில் பிக்கப் ஓட்டிய பெரியவர் வந்துவிட்டார். பெருமாள் கவுண்டர். அறுபது வயது, கரும்பு விவசாயி, கை ரெண்டும் மரக்கட்டை மாதிரி. பப்பாளி ரெண்டு. கூடவே மகள் சுனிதா, பாங்க் வேலை. அவளுக்குத் தமிழ் தெரியாது, இந்திதான். அவர் பேசப் பேச “கா போலே? கா போலே?” – என்ன சொன்னீர்கள் – என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் திரும்பவேயில்லை.

“மாஸ்டர், காலு எப்பிடி கீது?”

“இருக்குங்க.”

“நவம்பரு பத்தொம்பது கனடா பிளேனு. மவன் அங்க கூப்டுக்கினான். குத்தகெ நெலத்தெ திருப்பி குடுத்தாச்சு. மாட்டெ வித்தாச்சு. இப்ப போலீஸு கேசு போட்டா நன்னடத்தெ காயிதம் குடுக்கமாட்டான். காயிதம் இல்லாங்காட்டி கனடாக்காரன் உள்ள உடமாட்டான்.”

ரொம்பப் பயந்தேன், கேஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லப் போகிறாரென்று. தப்பு உங்களுடையது என்று ஒத்துக்கொள்ளுங்கள் என்பார் என்றுகூட நினைத்தேன்.

“பொய்யி சொல்ல வேணாம் மாஸ்டர். எனக்கு பொய்யி வேணாம். லாரி நின்னிச்சா இல்லியா? அந்த ஆளு கையெ காட்டி ‘ஆவோ, ஆவோ’ன்னான். நீங்க பாத்ததெ சொல்லுங்க. அவ்ளோதான்.”

வலி வந்தமாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். நாற்காலியை நகர்த்திவைத்துவிட்டுப் போகிற சத்தம் கேட்டது.

பப்பாளி நல்ல ருசி. வார்டு முழுக்கத் தின்றோம்.

அக். 11, செவ்வாய்

வக்கீல் வந்தார். ஹெ.மா. அனுப்பினாராம். இவரும் ஜனவரியில் பிரிஸ்பேன் போகிறார். “அதற்குள் முடித்துவிடலாம்” என்றார். அவர் சொன்னதில் நினைவிருப்பது:

– ஹெல்மெட், வண்டி எதையும் கழுவவோ ரிப்பேர் பண்ணவோ கூடாது. முதலில் போட்டோ எடுக்கணும்.
– டாக்டர் ரிப்போர்ட் நகல்.
– இன்ஷூரன்ஸ் ஆள் காகிதம் நீட்டினால் கையெழுத்துப் போடக் கூடாது, பேனா இரவல்கூடக் கொடுக்கக் கூடாது.
– கோர்ட்டுக்குப் போக மூன்று வருஷம் கெடு. ஆனால் சாட்சிகள் மூன்று வருஷம் காத்திருக்கமாட்டார்கள், பிளேன் ஏறிவிடுவார்கள்.

இரண்டு வழி. ஒன்று, பிக்கப்பின் இன்ஷூரன்ஸிடம் கேட்பது. பெரியவர் கவனமில்லாமல் வந்தார் என்று நிரூபிக்கணும். என் பங்குக்குத் தப்பு இருந்தால் அந்த அளவுக்குத் தொகை வெட்டுவார்கள். முக்கில் லாரியை முந்துவது பெரிய தப்பு. இரண்டு, வேலையில் இருந்தபோது அடிபட்டதாகப் பள்ளி மூலம் கேட்பது. அங்கே யார் தப்பு என்ற பேச்சே இல்லை. வேலையாகப் போனேன் என்றால் போதும்.

“போலீஸ் வாக்குமூலத்தில் நீங்கள் முந்தியது இல்லை. நல்லது” என்றார்.

“நான் போனது ஸ்டுடியோவுக்கு...”

“ஸ்டுடியோவைப் பற்றி நான் கேட்கவில்லை சார்.”

கெட்டவர் என்று சொல்ல முடியாது. குனிந்து என் கால்விரலைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அக். 13, வியாழன்

டாக்டர் சொன்னது: வலது கால் அரை அங்குலம் குட்டையாகலாம். நாள் முழுக்க நின்று பாடம் நடத்துவது சந்தேகம். வெளிநாட்டு மெடிக்கலில் இது தடையா என்று கேட்டேன். தெரியாது என்றார்.

விமலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி.

“பள்ளிக்கூடத்து வழியில வாங்கினா யாருக்கு நஷ்டம்?”

“யாருக்கும் இல்ல.”

“அப்புறம் என்ன?”

“போனது ஸ்டுடியோவுக்கு.”

“வர்ற வழியில தாள் வாங்கியிருப்பீங்கல்ல?”

“அன்னிக்கு இல்ல. மறுநாள்தான் வாங்கறதா இருந்தேன்.”

“ஒரு நாள் வித்தியாசத்துக்கு ஒரு காலா?”

டிபன் பாக்ஸை மூடிய சத்தத்தில் பா ஊர்க்காரர் விழித்துக்கொண்டார்.

அக். 15, சனி

வீடு. ஊன்றுகோல் இரண்டு. குளியலறைப் படி ஒன்றுதான், ஏற நாலு நிமிஷம். ஐந்தாம் ஃபாரம் பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட்ட அட்டை வந்திருக்கிறது. ஒருத்தி ‘அல்ஜீப்ரா இல்லாமல் சந்தோஷமாக இருக்கிறோம்’ என்று எழுதியிருக்கிறாள்.

இன்ஷூரன்ஸ் ஆள் வந்தார். காகிதம் நீட்டினார். பேனா இல்லை என்றேன். என் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது.

அக். 18, செவ்வாய்

வெயில். மைனாக்கள் கூரைத் தகரத்தில் ஒரே கூச்சல்.

பத்து மணிக்குக் கான்ஸ்டபிள். வாக்குமூலம் டைப் அடித்து வந்திருந்தது. ஒரு பக்கம், அழகான டைப். கையெழுத்துப் போட்டால் பெரியவர் மேல் நாளைக்கே கேஸ் என்றார். கவனமில்லாமல் ஓட்டியதாக.

படித்தேன். ‘நான் நேராகச் சென்றுகொண்டிருந்தேன்.’ இலக்கணம் சரி.

“இதை மாற்ற வேண்டும்.”

“எழுத்துப் பிழையா?”

“இல்லை. லாரி இருந்தது. முக்கில் அது நின்றது. நான் அதை முந்தினேன்.”

பேனாவைக் கீழே வைத்தார். “மாஸ்டர், மாத்திரை சாப்பிட்டிருக்கிறீர்களா?”

“காலையில் ஒன்று. அதனால் இல்லை.”

“இதைச் சொன்னால் உங்கள் மேலும் கேஸ் வரலாம்.”

“தெரியும்.”

“முதல் நாளே ஏன் சொல்லவில்லை?”

பயம் என்றேன். அவர் அதையும் எழுதினார். புதுத்தாளில், கையாலேயே, எங்கள் சாப்பாட்டு மேஜையில், முக்கால் மணி நேரம். லாரியின் நிறம், ரோடு ஈரம், என் வேகம் நாற்பது கிலோமீட்டர், ஹெல்மெட் வார். டிரைவர் கை காட்டியதைப் பார்த்தீர்களா? இல்லை, லாரிக்குப் பின்னால் இருந்தேன், எனக்குத் தெரிய வழியில்லை. அதையும் அப்படியே எழுதச் சொன்னேன்.

உள்ளே விமலா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். இருந்தாலும் கான்ஸ்டபிளுக்கு டீ வந்தது, பிஸ்கட்டோடு.

அக். 20, வியாழன்

ஹெ.மா. நஷ்டஈடு கேட்கும் பாரம் கொண்டுவந்தார். ‘எந்தப் பணிக்காகச் சென்றார்’ என்ற இடத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த இடத்தில் விரலை வைத்தார்.

“என்ன சொந்த வேலை?”

“விசா போட்டோ.”

“நீங்களுமா?”

அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. இந்த வருஷம் போனவர்களை விரல் விட்டு எண்ணினார்: பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, இங்கிலீஷ் இருவர், மர வேலை வாத்தியார். ஹெ.மா. எங்கே ஓடுவார், அவருக்கு இதுதான் ஊர்.

“ஒப்பந்தம் முடிகிறவரை இருப்பேன்” என்றேன்.

“அந்தக் காலோடு வேறு எங்கே போவீர்கள்” என்றார். கோபமா, சமாதானமா, தெரியவில்லை. பாரத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அக். 25, செவ்வாய்

ஒன்றும் விசேஷம் இல்லை. அரிப்பு. பின்னல் ஊசியைக் காணோம்.

விமலா ஐந்து நாளாகத் தேவையானதை மட்டும் பேசுகிறாள். “காபி.” “தண்ணி.” “தள்ளுங்க.”

நவ. 3, வியாழன்

கான்ஸ்டபிள் பஸ் ஸ்டாப்பில் இறங்கி நடந்தே வந்தார். இன்ஸ்பெக்டர் இரண்டு வாக்குமூலத்தையும் படித்தாராம். கேஸ் இல்லை. இரண்டு பேருக்கும் எழுத்தில் எச்சரிக்கை. பெரியவருக்கு ‘காயிதம்’ கிடைத்துவிடும். என் பெயரும் பதிவில் இருக்கும்.

வக்கீலுக்கு போன். “சார், முழுசா வர வேண்டியது. நீங்களே பாதியாக்கிட்டீங்க” என்றார். பாதியாவது வருமா என்றேன். பெரியவர் வாயால் அவர் தப்பையும் சொன்னால் வரும், ஆனால் ஊரை விட்டுப் போகிற மனிதர் எதற்குச் சொல்லப்போகிறார் என்றார்.

நவ. 10, வியாழன்

தீபாவளி வாரம். ஊரெல்லாம் வெடிமருந்து வாசனை. வக்கீல் ஆபீஸுக்கு டாக்சியில். மாடிப்படி பதினேழு. உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன்.

கவுண்டர் எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தார். யாரும் கூப்பிடவில்லை, விசாரித்துக்கொண்டு தானாக வந்திருக்கிறார். சுனிதா முகம் சிவந்து ஜன்னல் பக்கம் நின்றாள். வக்கீல் கேட்கக் கேட்கக் கவுண்டர் சொன்னார்: லாரிக்காரன் கை காட்டினான், உடனே வந்துவிட்டேன், லாரிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“இன்னொண்ணு எளுதிக்கோ. கண்ணாடி போடலெ. டேஷ்போர்டுல கெடந்திச்சு.”

சுனிதா இந்தியில் ஏதோ கத்தினாள். இப்போது இவர் கேட்டார் அவளை, “கா போலே?” என்று.

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் கவுண்டரைப் பார்த்தேன். அவர் கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். இப்போதும் கண்ணாடி சட்டைப்பையில்தான்.

“எடுத்துப் போட்டுக்குங்களேன்” என்றேன்.

போட்டுக்கொண்டார். தமிழில் கையெழுத்துப் போட்டார், பெ-வில் ஆரம்பித்து ஒவ்வொரு எழுத்தாக. கீழே வந்ததும் “வரேன் மாஸ்டர்” என்றார். போகிறேன் என்று சொல்லக் கூடாதென்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ. கை கொடுத்தேன். ஊன்றுகோல் சாய்ந்துவிட்டது, சுனிதாதான் பிடித்தாள்.

நவ. 24, வியாழன்

மாவுக்கட்டுப் பிரித்தார்கள். கால் வேறு யாருடையதோ போல மெலிந்து, தோல் உரிந்து. அரை அங்குலம் இல்லை, கால் அங்குலம்தான். செருப்பில் தக்கை வைத்தால் சரியாகிவிடுமாம்.

இன்ஷூரன்ஸ் பாதிக்கு ஒத்துக்கொண்டது. வக்கீல் நான்கு மூட்டை சட்டப் புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தார், நின்றபடியே சொன்னார்.

மாலை நியூசிலாந்து பாரத்தை எடுத்து உட்கார்ந்தேன். பெயர், பிறந்த தேதி, படிப்பு. ஒன்பதாவது கேள்வி: எப்போதாவது போலீஸ் விசாரணைக்கு உட்பட்டதுண்டா? ஆம் / இல்லை. ‘ஆம்’ எனில் விவரம். ஒரு வரி இடம்.

பேனாவைத் திறந்தேன். விமலா பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. கேள்வியைப் படித்தாள். “கேஸே போடலியே. இல்லன்னு எழுதினா யாருக்குத் தெரியும்?” என்று கேட்பாள் என்று காத்திருந்தேன்.

கேட்கவில்லை. உள்ளே போய்க் கோடு போட்ட தாள் இரண்டு கொண்டுவந்தாள்.

“ஒரு வரியில அடங்காது. இதுல எழுதிச் சேர்த்துடுங்க.”