டாக்டரிடம் நான் சொன்ன பொய்

அன்பு மகளுக்கு,

நான் நலம், வெட்கமே இல்லாமல் நலம். உன் அம்மா தன் நலம் பற்றிப் போனில் உன்னிடம் சொன்னதெல்லாம் பொய், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், பேச ஆரம்பித்தால் வழக்கம்போல வேடிக்கையாக்கிவிடுவேன். அவளுக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல் இல்லை, எலிக்காய்ச்சல். வீட்டுக்குக் கொண்டுவந்தது எலி இல்லை, நான்.

போன மாதம் சாக்கடை அடைத்துக்கொண்டு, மேலே நாலு மாடிக்காரர்களும் கழித்ததெல்லாம் நம் குளியலறையில் கணுக்கால் அளவுக்கு ஏறியது. மாடி வக்கீல் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்து, உங்க வீட்டுலதானே சார் வருது, நீங்கதான் பாக்கணும் என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். அடைப்பெடுக்கும் வண்டி வர ரெண்டு நாளாகும் என்றார்கள். எனக்குத்தான் வீரம் பொத்துக்கொண்டு வருமே, வெறுங்கையை முழங்கை வரை விட்டு ஒரு துணிச்சுருளை உருவி எடுத்தேன். வக்கீல் கைதட்டினார். அதில் குளிர்ந்துபோய், நாறின சட்டையை வாளியில் போட்டுவிட்டுக் காப்பி கேட்டேன். அந்தச் சட்டையை உன் அம்மா கையால் கசக்கினாள், விரலில் கத்தி வெட்டின காயத்தோடு. பத்தாம் நாள் காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்காலில் தொடமுடியாத வலி. டாக்டரம்மா, சாக்கடைத் தண்ணி ஏதாவது பட்டுச்சா என்று தெளிவாகத்தான் கேட்டார். இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்த நான், எங்களைப் பாத்தா அப்படியா தெரியுது டாக்டர் என்று சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டுச் சாதா மாத்திரை எழுதினார். உன் அம்மா என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். மூன்று நாள் போச்சு. கண் மஞ்சளாகி, சிறுநீர் நின்ற பிறகுதான் உண்மையைக் கக்கினேன். இப்போது வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். சிறுநீரகம் தேறுமா என்றால், பாக்கலாம் என்கிறார்கள். தேறாது என்று உன் சித்தி தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது.

மழை வந்தால் உங்கள் கீழ்த்தளத்திலும் கழிவுநீர் ஏறுகிறது, நாங்களே வழித்துப்போடுகிறோம் என்று நீ பெருமையடித்தாயே, அது என் ரத்தம் பேசுகிற பேச்சு. கதவைச் சாத்திவிட்டு ஆளைக் கூப்பிடு. இறங்கித்தான் ஆகணும் என்றால் முழங்கால் வரை பூட்ஸ், முழங்கை வரை ரப்பர் கையுறை, உடம்பில் கீறல் இருந்தால் இறங்கவே இறங்காதே. மூஞ்சியைத் தொடாதே, சோப்பு போட்டுக் குளிக்கிறவரை வாயில் எதுவும் வைக்காதே, அந்தத் துணியைக் கையுறையோடு எடுத்துத் தனியாகச் சுடுதண்ணீரில் போடு, மாப்பிள்ளை துணியை மாப்பிள்ளையே போடட்டும். அப்புறம் காய்ச்சல் வந்தால் டாக்டர் கேட்கிறதுக்கு முன்னாலேயே சொல்லித் தொலை.

உன் அம்மா இன்றுவரை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேற்று புது நர்ஸ், எப்படிம்மா வந்துச்சு என்று கேட்டதற்கு, ரோட்டுல தேங்கின தண்ணில நடந்துட்டேன், எம்மேலதான் தப்பு என்றாள். நான் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். உரித்துக்கொண்டேதான் இருந்தேன்.

குழந்தையும் நீங்களும் நோய்நொடி இல்லாமல் இருங்கள். கையுறை வாங்கினதும் தகவல் சொல். அம்மாவிடம் எதையும் கேட்காதே, என்னைத் திட்டி எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா