பியட் தாழ்வாகத்தான் ஓடும்

என் பாசத்துக்கும் கோபத்துக்கும் உரிய சேகர் அண்ணா,

காரை விற்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பேசலாம். நம்ம பியட் வாசலில்தான் நிற்கிறது. இன்று காலை நான்தான் ஓட்டினேன். இதை ஊரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நீ போன பிறகு செஞ்சியில் என்ன பேசினார்கள் தெரியுமா? தரையோடு தரையாகத் தாழ்த்தின கார் ஆளை முழுங்கிடுச்சு என்றார்கள். திண்டிவனத்துக்குப் போகும்போது, பாலத்துக்கு முன்னால் ரோடு இறங்கி ஏறுகிற பள்ளத்தில், இடப்பக்க முன்சக்கரத்து ஸ்பிரிங் இடத்தை விட்டு நழுவியது. கார் ஓரமாக இழுத்துக்கொண்டு போய்ப் புளியமரத்தில் மோதியது. நடந்தது அவ்வளவுதான். டீக்கடையில் சொல்கிறவர்கள் அதோடு கண்மண் தெரியாத வேகத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நீ மெதுவாகத்தான் போனாய் என்று பின்னால் வந்த பஸ் டிரைவர் சொன்னார். அதை யார் காதில் வாங்கினார்கள்?

காரியம் முடிந்த மறுநாளே தொண்டூர் மாமா காரை வாங்க ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். முன்பக்கம் நசுங்கிக் கிடந்த காரை அந்த ஆள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஒசரமா தூக்கி டாக்ஸியா ஓட்டிக்குவாங்க. இந்தச் சனியன் வாசல்ல நிக்க வேணாம்" என்றார் மாமா.

பிள்ளையைப் பறிகொடுத்த நைனா அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான்தான் குறுக்கே போய் நின்றேன்.

"விக்கல மாமா."

"பொம்பளப் புள்ள, காரை வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

"ஓட்டப் போறேன்."

கோட்டை அடிவாரத்து வெட்டவெளியில் எனக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது நீதானே? அப்போது மாமா எங்கே போயிருந்தார்?

ஆனால் உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. மெட்ராஸ் பக்கம் பழைய விமான ஓடுதளத்தில் நடக்கிற பந்தயத்தில் ஓட்டணும், அதுக்குக் கார் தாழ்வா இருந்தாத்தான் திருப்பத்துல சாயாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். அது சரி. உன்னோடு சேர்ந்து அந்தக் காரைத் தயார் செய்த மெக்கானிக் பாஷா பாய், சரியான ஸ்பிரிங் செட் வரும்வரை பொறு என்று எத்தனை முறை சொன்னார்? நீ ரம்பத்தை எடுத்து, இருந்த ஸ்பிரிங்கையே வெட்டிக் குட்டையாக்கிவிட்டாய். அடுத்த பந்தயம் வராமலா போயிருக்கும், அண்ணா?

பாஷா பாய் முதலில் காரைத் தொடவே மாட்டேன் என்றார். "வேணாம்மா மல்லிகா. இதுல கை வைக்க எனக்கு மனசு வரல" என்றார். காரைச் சரிபண்ண வேண்டாம், ஏன் அப்படி ஆச்சு என்று மட்டும் காட்டுங்கள் என்றேன். மோதாத பக்கத்துச் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினார். சக்கரம் கீழே தொங்கியதும் வெட்டின ஸ்பிரிங் பிடிமானமில்லாமல் நின்றது. நான் கையை உள்ளே விட்டு ஸ்பிரிங்கைத் திருப்பினேன். அது பாட்டுக்குச் சுற்றியது. பள்ளத்தில் சக்கரம் தொங்கினபோதும் இப்படித்தான் கழன்று நழுவியிருக்கும்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எழுந்தபோது எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. உன்னைக் கொன்றது தாழ்வு இல்லை. வெட்டின ஸ்பிரிங்தான். ஊர் சொல்கிறது என்பதற்காக நீ ஆசைப்பட்டதையும் சேர்த்துப் புதைக்க நான் தயாராக இல்லை.

பாஷா பாயோடு மெட்ராஸ் போனேன். பந்தயக்காரர்களுக்குச் சாமான் விற்கிற கடை. குலுக்கலைத் தாங்குகிற ஷாக் அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கிற பாரின் செட் அங்கே இருந்தது. ஷாக் அப்சார்பர் உடம்பிலேயே மரை வெட்டியிருக்கும். அதில் ஒரு வளையத்தைத் திருகிக் காரை ஏற்றலாம், இறக்கலாம். கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு செட்டைத் தூக்கிப் பாயிடம் நீட்டினார்.

"இதான் பாய் எல்லாரும் கேக்கறது. தரையோட ஒட்டிக்கும்."

"முழுசா இழுத்துக் காட்டுங்க" என்றேன் நான்.

"இன்னாத்துக்கும்மா?"

"காட்டுங்க, சொல்றேன்."

இழுத்தார். ஸ்பிரிங்குக்கும் மேல்தட்டுக்கும் நடுவில் என் விரல் நுழைந்தது. வேண்டாம் என்று தள்ளி வைத்தேன். இன்னொன்றை இழுக்கச் சொன்னேன். அது முழுசாக நீண்ட பிறகும் ஸ்பிரிங் இரண்டு முனையிலும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றது.

"இது அவ்ளோ எறங்காதும்மா" என்றார்.

"எறங்குற வரைக்கும் போதும்."

அதிலேயே ஸ்பிரிங் மூன்று விதக் கெட்டியில் இருந்தது. பந்தயத்துக்கு ரொம்பக் கெட்டியானதுதான் லாயக்கு என்றார் கடைக்காரர். நான் விடவில்லை. "பந்தயத் தளம் வழவழன்னு இருக்கும். அங்க போய்ச் சேர செஞ்சி ரோட்டுலதானே வரணும்? இவ்ளோ கெட்டியா இருந்தா சக்கரம் ரோட்டுல நிக்காம குதிக்கும். மெத்துன்னு இருக்கறதப் போட்டா பள்ளத்துல காரோட அடி தட்டும். நடுவுல உள்ளதக் குடுங்க" என்றேன். அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"யாரு ஓட்டப் போறது?"

"இவங்கதான்" என்றார் பாஷா பாய். அதைச் சொல்ல அவர் யோசிக்கவே இல்லை, அண்ணா.

நசுங்கின பக்கத்தைத் தட்டி நிமிர்த்தி, இரண்டு முன்சக்கரத்துக்கும் புது செட்டை மாட்டினோம். வளையத்தைத் திருகுகிற நேரம் வந்ததும் பாய் தயங்கினார். "பழைய ஒசரத்துக்கே ஏத்திடலாமா? ஊரு வாயாவது மூடும்."

"ரோட்டுக்கு எவ்ளோ ஏத்தணுமோ அவ்ளோ ஏத்துங்க பாய். ஊருக்காக ஒரு சுத்துகூட வேணாம்."

இன்று காலை வண்டியை எடுத்தபோது நைனா வெளியே வந்தார். நீ போனதிலிருந்து அவர் அந்தக் காரைத் தொட்டதில்லை. இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். எங்கே போகிறேன் என்று கேட்கவில்லை. திண்டிவனம் ரோட்டில் திரும்பியதும் அவருக்கும் புரிந்துவிட்டது.

பள்ளம் தெரிந்ததும் டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தேன். வேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. கார் அமுங்கியது, ஒரு முறை எழும்பியது, அப்படியே அடங்கி நேராகப் போனது. புளியமரம் பின்னால் போய்விட்டது.

பாலம் தாண்டி ஓரமாக நிறுத்தினேன். நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு வந்த ரோட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"திருப்பு. இன்னொரு தடவ போவலாம்."

போனோம். இந்த முறை அவர் கை மடியிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்தால் மாமா நின்றிருந்தார். பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். பொம்பளப் புள்ளைய அனுப்பிட்டு நாலு பேர் மூஞ்சில எப்படி முழிப்ப என்று அவர் நைனாவைக் கேட்டார். "நானும்தான் கூடப் போறேன்" என்று சொல்லிவிட்டு நைனா உள்ளே போய்விட்டார்.

ஜெயிப்பேனா, தெரியாது. என்னைவிடத் தாழ்வான கார்கள் வரும், வேகமாகவும் போகும். அவற்றைப் பார்த்து நான் வளையத்தை இறக்க மாட்டேன், எதையும் வெட்டவும் மாட்டேன். ஒன்று மட்டும் உனக்கு வாக்காகச் சொல்கிறேன். உன் காரை ஓட்டிக்கொண்டு போவேன், அதே காரில் வீட்டுக்குத் திரும்பியும் வருவேன். அதை நீ செய்யவில்லை, அண்ணா. நான் செய்து காட்டுகிறேன்.

உன்னோடு இன்னும் சண்டை தீராத தங்கச்சி,
மல்லிகா