தண்ணி வடிஞ்சுதா?

செப்டம்பர் 9
எங்கள் எம்எல்ஏ கஸ்தூரி அம்மா ஜேசிபியோடு வந்து, வடிகால் வாய்க்காலை அடைத்துக் கட்டியிருந்த கடைகளை இடிச்சுட்டாங்க. நான் டீ குடிக்கிற கடையும் போச்சு. பருவநிலை மாறிடுச்சாம், ஒரு மாச மழை ஒரே நாள்ல கொட்டுமாம். கொட்டட்டுமே! அதுக்கு என் டீ இன்னா பண்ணுச்சு?

நவம்பர் 28
நேத்து புயல் மழை. எங்க ஊர் செலியமேடே மிதக்கும்னு பயந்தேன். காலையில் பார்த்தால் வயலில் பயிர் அப்படியே நிக்குது. கஸ்தூரி அம்மா வரப்போரமா வந்து, "தண்ணி வடிஞ்சுதாண்ணே?" என்றார். "வடிஞ்சுதும்மா" என்றேன். அவ்வளவுதான், போயிட்டாங்க.

டிசம்பர் 3
வயிறு எரியுது. பக்கத்துத் தொகுதியில் மச்சான் தங்கவேல் வூட்டுல முட்டித் தண்ணி. அவங்க எம்எல்ஏ படகுல போய் அரிசி, போர்வை எல்லாம் குடுத்தாராம். டிவியில வேற காட்டுனாங்க. (மச்சான் பயிர் மொத்தமும் அழுகிடுச்சு. அது வேற விஷயம்.) நமக்கு? ஒரு பிஸ்கட் பாக்கெட் உண்டா?

"வெள்ளமே வரல, எதுக்குய்யா நிவாரணம்?" என்கிறாள் செல்வகுமாரி. என் பொண்டாட்டிக்கு அரசியல் தெரியாது.

பிப்ரவரி 2
அறுப்பு முடிஞ்சுது. நல்ல விளைச்சல்.

ஏப்ரல் 9
ஓட்டுப் போட்டாச்சு. கஸ்தூரி அம்மா அஞ்சு வருஷத்துல ஒரு நாளாவது நமக்காகத் தண்ணியில இறங்கி நின்னிருக்காங்களா? அவங்களை எதிர்த்து நிக்கிற மணிவண்ணன் கடைகளைத் திருப்பிக் கட்டித் தர்றேன்னு சொல்றார். அவர் மனுஷன்.

மே 4
மணிவண்ணன் பதினேழு ஓட்டில் ஜெயிச்சுட்டார்! சின்னத் தொகுதின்னா இதான் சௌகரியம். ஒரு தெரு முகத்தைத் திருப்பிக்கிட்டா எம்எல்ஏ காலி. செல்வகுமாரி யாருக்குப் போட்டாள்? கேட்டால் குடத்தைத் தூக்கிக்கிட்டுத் தண்ணிக்குக் கிளம்பிடுறாள்.

ஜூலை 14
வாய்க்கால் மேல மறுபடியும் கடைங்க. இந்தத் தடவை கான்கிரீட். திறப்பு விழாவில் டீ இலவசம். ரெண்டு குடிச்சேன்.

டிசம்பர் 1
மழை நின்னு மூணு நாள் ஆச்சு. வயல் எங்க இருக்குன்னே தெரியல.

டிசம்பர் 2
நானும் டிவியில வந்துட்டேன். மணிவண்ணன் டிராக்டர்ல வந்து, முட்டித் தண்ணியில இறங்கி, என் கையில அரிசி மூட்டையைக் குடுத்து, தோள்ல கை போட்டு நின்னார். மச்சான் போன் பண்ணி, "குடுத்துவச்சவன்யா நீ" என்கிறான். ஐயோ, என் பயிர் அத்தனையும் அழுகிப்போச்சே!

மணிவண்ணனும் டிவிக்காரங்களும் கிளம்பின பிறகு நடந்ததை யாரும் படம் எடுக்கல. புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, தண்ணியில நடந்து கஸ்தூரி அம்மா வந்தாங்க.

"தண்ணி வடிஞ்சுதாண்ணே?"

அரிசி மூட்டையைக் கீழே வைக்கலாம்னு பார்த்தேன். காய்ஞ்ச இடம் ஒண்ணும் இல்லை. கையில வச்சிக்கிட்டே நின்னேன்.